இரண்டு தட்டு

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். புதியவர்கள் பயந்துவிடுவார்கள். வாஸ்கோ பயப்படுகிறவன் அல்ல. ஃபுளோரன்ஸில் என்னோடு பதினோரு வருடம் பழைய சிலைகளுக்கு அச்செடுத்தவன்.

எங்களிடம் வந்த இளைஞன் சிலையின் சலவைக்கல் தலை நானூறு வருடம் பழையது, வாய் உடைந்திருந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று முழு முகத்தோடு பிளாஸ்டர் நகல் கேட்டிருந்தது. வாஸ்கோவுக்கு அதே தாடை. 'நீ கல்லிலிருந்து இறங்கி வந்தவன்' என்று தெருவே அவனைக் கேலி செய்யும். அதனால் அவன் முகத்திலிருந்தே வாயை எடுப்பதென்று முடிவு செய்தோம்.

முகத்தில் பிளாஸ்டர் பூசுமுன், மூச்சுவிட மூக்கில் இரண்டு வைக்கோல் குழல்கள் வைப்போம். படுத்திருப்பவன் பேச முடியாது; விரலால் பெஞ்சைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நலம். இரண்டு என்றால் மூச்சு முட்டுகிறது, உடனே பெயர்த்தெடுக்க வேண்டும்.

முதல் அச்சில் இரண்டு முறை தட்டினான். பதறிப் பிய்த்தேன்.

"உன் மூஞ்சியப் பாக்கணுமேடா ஒரெஸ்தே, வெளுப்புல பிளாஸ்டரே தோத்துப் போச்சு" என்று சிரித்தான்.

இரண்டாவதிலும் தட்டினான்; நான் அசையவில்லை. கடைசியில் மூக்கைச் சொறிந்து அவனே கெடுத்தான். மறுநாள் நகல் கப்பலேற வேண்டும். மூன்றாவது முறை மணிக்கட்டுகளைப் பெஞ்சோடு கட்டச் சொன்னதும் அவன்தான்.

"கட்டுடா. இல்லேன்னா நான் அடங்க மாட்டேன்."

மூன்றாவது அருமையாக விழுந்தது. உதட்டோரம் இறுக நான்கு நிமிடம் இருக்கையில் இரண்டு தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. பிறகு கேட்கவில்லை.

குழல்களுக்குள் பிளாஸ்டர் வழிந்ததைக் கவனிக்கவில்லை, விளையாடுகிறான் என்று நினைத்தேன் என்றுதான், ஆய்வாளர் ஐயா, உங்கள் காவலர்களிடம் அன்று சொன்னேன். நம்பினார்கள். அவன் மனைவி எர்சிலியாவும் நம்பினாள். அடக்கம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் குணம் எனக்குத் தெரியாதாண்ணே? நீங்க மனசப் போட்டு வருத்திக்காதீங்க."

ஞாயிறுதோறும் எனக்குப் பீன்ஸ் சூப் கொண்டுவருகிறாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

வாய் நன்றாக அமைந்திருப்பதாக அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. அதை இருமுறை படித்தேன். அதற்கும் வெட்கப்படுகிறேன்.

விளையாட்டாகத் தட்டும்போதெல்லாம் வாஸ்கோவின் வயிறு சிரிப்பில் குலுங்கும். அன்று குலுங்கவில்லை. உதட்டோரம் இறுகும்வரை நான் அவன் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.