ஒன்பது பத்துக்கு வந்தவள்

ராத்திரி மணி இரண்டே கால். மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஆற்றங்கரையில் இருக்கிற நம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் மண்சாலை. இரண்டு பக்கமும் கரும்பு. வீடு கிடையாது. விளக்கு கிடையாது...

அந்த விறகைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். நம் பிள்ளைகள் பிரசவ வார்டில் படுத்திருக்கிறார்கள். துணைக்கு வந்த நமக்குத் தூக்கம் எங்கே வரப்போகிறது? இது காற்றுவாக்கில் வந்த கதையில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற லைசன் என் நாத்தனார் புருஷன். அவன் வாயால் சொன்னது.

அன்றைக்கு லைசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ருதேன்டோ. ஜிம்பாப்வேக்காரி. பிரசவம் பார்க்கிற நர்ஸ். அவள் புருஷன் ஃபராய் டாக்டர். ஆறு வயதில் அனேசு என்று ஒரே மகள். மூன்று பேரும் மலாவிக்கு வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. பின்னால் காலி ஸ்ட்ரெச்சர் ஒவ்வொரு பள்ளத்திலும் டக்... டக்... என்று இடித்துக்கொண்டே வந்தது.

"என்ன அனேசு அம்மா, தூங்கிட்டீங்களா? நீங்க தூங்கினா எனக்கும் கண்ணு சொருகும். அப்புறம் ரெண்டு பேரையும் கரும்போட சேத்து ஆலையில அரைச்சுருவாங்க" என்றான் லைசன்.

"உன்னை அரைச்சா சர்க்கரை வராதுப்பா. கள்ளுதான் வரும்."

அவன் சிரித்தான். பாதிச் சிரிப்பில் பிரேக்கை மிதித்தான்.

சாலையில் மாங்கிளைகள் கிடந்தன.

நம் வழக்கம் நமக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டுக்கு முன்னால் சாலையில் கிளைகளை ஒடித்துப் போடுவோம். வண்டிக்காரன் மெதுவாகப் போவான், பாட்டை நிறுத்துவான், தொப்பியைக் கழற்றுவான். ருதேன்டோ ஊரில் வாசலில் சிவப்புத் துணி கட்டுவார்களாம். வந்த முதல் வாரத்தில் ஃபராய் டாக்டர் இந்தக் கிளைகளைப் பார்த்து, முன்னால் லாரி பழுதாகி நிற்கிறது என்று நினைத்து, ஹாரன் அடித்துக்கொண்டே ஏற்றிப் போனார். சாவு வீட்டு ஜனமெல்லாம் எழுந்து நின்று பார்த்தது. அப்புறம்தான் ருதேன்டோ கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

லைசன் தொப்பியைக் கழற்றினான். "யார் வீடு?" என்று கேட்டாள் அவள்.

"இங்க வீடே இல்லையே, சிஸ்டர்."

இறங்கிப் பார்த்தாள். வெட்டிய கிளைகள் இல்லை... கையால் திருகி ஒடித்தவை. பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மாம்பால் வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை. இருபது வருஷமாகப் பிரசவ அறையில் நிற்கிறவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நெடுநேரம் தேங்கி நின்ற பனிக்குட நீர்.

இரண்டு பேரும் மறுபடி ஏறிக்கொண்டார்கள். இரண்டு பேர் மனதிலும் ஒரே பெயர்தான்.

எலுபி.

பதினொரு நாள் முன்னால் வந்தவள். பதினேழு வயது. சைக்கிளின் பின்சீட்டில் உட்கார வைத்து, அவள் அம்மா லிவினெஸ் ஆறு மைல் தள்ளிக்கொண்டு வந்தாள். ராத்திரி ஒன்பது பத்து. ருதேன்டோதான் பதிவேட்டில் எழுதினாள். குழந்தை குறுக்கே கிடந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இங்கே மயக்க மருந்து தீர்ந்துபோயிருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். தாராளமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஆம்புலன்ஸ் இல்லை.

ஆம்புலன்ஸ் எங்கே? ஆஸ்பத்திரி நிர்வாகி சிப்பேட்டா புது வீடு கட்டுகிறார். கூரைக்குத் தகரம் ஏற்றிவர அனுப்பியிருக்கிறார். ஓட்டிப் போனவன் லைசன்தான். இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நோயாளி படுக்கிற ஸ்ட்ரெச்சர் மேல் பளபளவென்று தகரம்! எனக்குச் சொல்லும்போதே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. மூன்றரைக்கு எலுபி போனாள். குழந்தை அதற்கு முன்பே.

விடிந்ததும் சிப்பேட்டா ஒரு தாளோடு வந்தார். நோயாளி வந்த நேரம் அதிகாலை மூன்று, வீட்டிலேயே வைத்துத் தாமதம் செய்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. ஃபராய் டாக்டரின் வேலை அனுமதி இன்னும் சிப்பேட்டாவின் மேசை இழுப்பறையில். அனேசுவுக்கு அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். ருதேன்டோ பதிவேட்டில் ஒன்பது பத்தை அடித்து மூன்று என்று எழுதினாள். அவள் கையாலேயே.

அதோடு விட்டானா அந்த மனிதன்? முத்திரை குத்திய தாளைக் கொண்டுபோய்ச் சாவு வீட்டில் எழுந்து நின்று வாசித்தான். பெற்றவள் முன்னால். அன்றிலிருந்து குழாயடியில் லிவினெஸ் வந்தால் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மகளை வீட்டிலேயே போட்டுக் கொன்றவள் என்று.

லைசன் கரும்புச் சாலையில் கிளைகளைப் பார்த்ததற்கு அடுத்த ராத்திரி, காவல்காரன் ஆஸ்பத்திரிக்கு அரை மைல் முன்னால் கிளைகளைப் பார்த்தான். அதற்கடுத்த ராத்திரி வாசல் கதவுக்கு முன்னால். அள்ளிக் கரும்புக்குள் எறிந்தான். கை கழுவிக் கழுவிப் பார்த்தும் அந்த வாடை போகவில்லை என்று அவன் பொண்டாட்டி அவன் தின்னும் தட்டைத் தனியாக வைத்தாளாம்.

மூன்றாம் ராத்திரி ருதேன்டோ வீட்டுக்கு வெளியே படக்... படக்... என்று சத்தம். பச்சைக் கிளை ஒடியும் சத்தம். அவர்கள் வாசலில் மாமரமே இல்லை.

டார்ச் விளக்கோடு கதவைத் திறந்தாள். ஆளில்லை. வாசற்படியிலிருந்து பாதை வரைக்கும் கிளைகள், நுனியெல்லாம் வீட்டைப் பார்க்க. ஈர மண்ணில் ஒரு சைக்கிள் டயரின் தடம் வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

உள்ளே அனேசு அனலாகக் கொதித்தாள். மலேரியா சோதனை செய்தார்கள். இல்லை. ஊசி போட்டார்கள். இறங்கவில்லை. பிள்ளை கண்ணைத் திறக்காமல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. "வண்டி வந்துருச்சா? அம்மா, வண்டி வந்துருச்சா?"

ருதேன்டோ புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கேக்குதா உங்களுக்கு?"

"காய்ச்சல்ல பிதற்றுது. நீ படிச்சவ. நீயுமா?"

"படிச்சவதான். படிச்ச கையாலதானே அடிச்சு எழுதினேன்? நீங்க படிச்ச கையாலதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"அனுமதி போச்சுன்னா எங்க போவோம்? அவளுக்கு யாரு சோறு போடுவா?"

"அவ இருந்தாத்தானே சோறு!"

அவள் நைட்டி மேல் துணியைச் சுற்றிக்கொண்டு வார்டுக்கு நடந்தாள். பதிவேட்டைத் திறந்தாள். மூன்றை அடித்து ஒன்பது பத்து என்று எழுதினாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்திலும் இறங்கியது.

விடியற்காலையில் பதிவேட்டோடு குழாயடிக்குப் போனாள். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையில் இருந்தார்கள். லிவினெஸ் எல்லோருக்கும் கடைசியில், தள்ளி நின்றாள். ருதேன்டோ சேற்றில் முட்டி போட்டாள்.

"அம்மா... உங்க மக ஒன்பது பத்துக்கே வந்துட்டா."

லிவினெஸ் அழவில்லை. வாளியைத் தரையில் வைத்தாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? சைக்கிளத் தள்ளிட்டு வந்தவ நான். எனக்குத் தெரியாதா? அந்தா நிக்கிறாளுகளே, அவளுகளுக்குச் சொல்லு. எந்திரி. சத்தமாச் சொல்லு."

ருதேன்டோ எழுந்தாள். சொன்னாள். நேரத்தைச் சொன்னாள், தகரத்தைச் சொன்னாள், தாளைச் சொன்னாள், தன் கையைத் தூக்கிக் காட்டி இந்தக் கைதான் என்றாள். குழாயை அடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். அப்புறம் ஒருத்தி தன் வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, லிவினெஸின் வாளியைக் குழாய்க்கு அடியில் நகர்த்தினாள்.

அன்று மத்தியானம் அனேசுவுக்கு வேர்த்தது. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். வாசலில் ஒரு கிளை இல்லை. ஒரு இலைகூட இல்லை. பெருக்கியது யார் என்று தெரியாது.

சிப்பேட்டா சும்மா இருப்பாரா? டாக்டர் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். "நாளைக்கு பஸ் ஏத்தி விடுறேன். புருஷன், பொண்டாட்டி, புள்ள மூணு பேரும் வந்த வழியே போங்க!" இந்தத் தடவை ஃபராய் டாக்டர் வெளியே வந்தார். "ஏத்தி விடுங்க. நான் மாவட்டத்துல இறங்கி இதே பதிவேட்டக் குடுத்துட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுவேன்" என்றார். சிப்பேட்டா துப்பிவிட்டுப் போனார். புது வீட்டில் அதுதான் அவருக்கு முதல் ராத்திரி. தனி ஆள்.

மறுநாள் காலை சிப்பேட்டா வீட்டுக்கு முன்னால், சாலையின் முழு அகலத்துக்கும், முழங்கால் உயரத்துக்கு மாங்கிளைகள்.

கிளையைப் பார்த்தால் ஜனம் என்ன செய்யும்? வரும். வந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே தரையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் சாவு வீட்டில் சமைக்க ஆளுக்கொரு தட்டு மாவோடு வந்தார்கள். லைசனும் இருந்தான். ருதேன்டோவும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

சிப்பேட்டா வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. "யார்டா செத்தது? எந்திரிங்கடா! நான் இருக்கேன்ல? கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தினார். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. லைசனின் தோளைப் பிடித்து உலுக்கினார். லைசன் எனக்குச் சொன்னது இதுதான்: "அக்கா, வாய் அசைஞ்சது தெரிஞ்சது. தோள்ல ஒரு கனமும் தெரியல."

அனேசு மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

பெண்கள் எழுந்து, அவரைக் கடந்து, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். முன்னால் போனவள் லிவினெஸ். அவர் வாசலில் நின்று இன்னும் கத்திக்கொண்டேதான் இருந்தார்...

அப்போது உள்ளேயிருந்து சாவுப் பாட்டு எழும்பியது.

உடலைக் கண்ணால் பார்க்காமல் நம் பெண்கள் அந்தப் பாட்டை எடுக்க மாட்டார்கள்.