விசில் இல்லாத நாலரை விநாடி

ஒரு விளையாட்டு நிகழ்ச்சி நாற்பது வருடம் ஓட வேண்டுமென்றால் அதற்கு நல்ல ஆட்டக்காரர்கள் தேவையில்லை. தொடக்கத்தில் ஒரு நல்ல மெட்டு இருந்தால் போதும். அது கேட்கும்போது ஊரெல்லாம் தேநீர்க் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நமத்துப் போயிருக்கும், தேநீரில் முக்கினால் தெரியாது.

‘சனி மாலை மைதானம்’ நிகழ்ச்சியின் வரலாற்றை நீங்கள் புத்தகமாக எழுதுவது நல்ல விஷயம். தொகுப்பாளர்களைப் பார்த்துவிட்டீர்கள், அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். தயாரிப்பாளர்கள் தொகுப்பாளர்களைத் திட்டியிருப்பார்கள். கடைசியில்தான் படத்தை வெட்டி ஒட்டிய இந்த சிரில் ஆர்மராடின் ஞாபகம் உங்களுக்கு வந்திருக்கிறது. வருத்தமில்லை. வெட்டி ஒட்டுபவனை யாரும் கவனிக்காமல் இருந்தால்தான் அவன் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள்.

அறுபத்து நான்கில் தொடங்கினோம். முதல் நாலு வருடம் படு மோசம். மழையில் நனைந்த இருபத்திரண்டு பேர் சேற்றில் ஓடுவதை, பத்துப் பேர் ஓடுவதுபோலக் காட்டும் ஒரே ஒரு கேமரா. தொடக்கக் காட்சியில் கோப்பையைத் தூக்கும் வீரர்களைப் போட்டோம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெயித்தவன் வருடத்துக்கு வருடம் மாறுவான். ஜனங்களுக்கு மாறாத ஒருவன் வேண்டும். அவன் முட்டாளாக இருந்தால் இன்னும் நல்லது.

அந்த முட்டாளைத்தான் நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஆல்ஃப் ஹாப்வுட். எங்கள் ஸ்கெல்பரி ரோவர்ஸ் அணியின் கோல்கீப்பர்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த நாட்டில் வளர்ந்த யார் பார்க்கவில்லை? தொப்பி போட்ட கோல்கீப்பர் பந்தைக் கீழே வைக்கிறார். முதுகைக் காட்டித் திரும்பித் தொப்பியைச் சரிசெய்கிறார். எதிரணிக்காரன் ஒருவன் ஓடி வந்து பந்தைத் தட்டுகிறான். பந்து சாவகாசமாக உருண்டு கோலுக்குள் போகிறது. கோல்கீப்பர் அதைப் பார்த்துப் பாய்ந்து, வழுக்கி, சேற்றில் உட்காருகிறார். உட்காரும் அந்தக் கணத்தில் டிராம்போன் என்கிற பித்தளைக் குழல் ஒன்று மேல் சுரத்திலிருந்து கீழ் சுரத்துக்கு இழுத்து ஒலிக்கும். அது என் யோசனை. நூற்றுப்பன்னிரண்டு ஃபிரேம், நாலரை விநாடி. முப்பத்தாறு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்து மணிக்கு.

இப்போது அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஸ்கெல்பரி இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. ஆல்ஃப் ஒரு கோல்கூட விடவில்லை. அந்தப் பந்து வருவதற்கு முன்பே ஆஃப்சைடு என்று நடுவர் விசில் ஊதிவிட்டார். ஆட்டம் நின்றுவிட்டது. பந்தைக் கீழே வைப்பதுதான் ஆல்ஃபின் வேலை, வைத்தார். விசில் ஊதிய கோபத்தில் அந்த எதிரணிக்காரன் வெறுமனே ஒரு உதை விட்டான். ஆல்ஃப் பழக்க தோஷத்தில் பாய்ந்து வழுக்கினார். யாரும் பொருட்படுத்தவில்லை. எங்கள் வர்ணனையாளர்கூட, “விசில் ஊதியாச்சு, ஆஃப்சைடு. ஹாப்வுட் பந்தைக் கீழ வைக்கறாரு” என்று கொட்டாவியோடு சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

நான் செய்ததெல்லாம் விசிலை எடுத்ததுதான். நடுவர் வாயில் விசில், கோட்டோரத்தில் தூக்கிய கொடி, இரண்டும் தெரியும் ஐம்பது ஃபிரேம். நீட்டிப் பிடித்தால் ஒரு முழம்கூட வராது. அதை வெட்டினேன், சத்தத்தை எடுத்துவிட்டு மெட்டைப் போட்டேன். பொய்யாக எதையும் சேர்க்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மைதானத்தில் பதினான்காயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது வந்து சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். ஆறு மாதத்தில் அவர்களும் அந்தக் கோலைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு வருடத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். எங்கள் மைதானம் அத்தனை பேரைத் தாங்காது.

அடுத்த பருவத்தில் ஆல்ஃப் பந்தைக் கீழே வைக்கும்போதெல்லாம் கூட்டம் முழுவதும் டிராம்போன் சத்தம் போட்டது. அதனால் அவர் பந்தைக் கீழே வைக்கப் பயந்தார். கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார், நடுவர் வந்து கெஞ்ச வேண்டியிருக்கும். பருவம் முடிந்ததும் கிளப் அவரை அனுப்பிவிட்டது. அவருக்கு முப்பத்திரண்டு வயது. கோல்கீப்பருக்கு அது பாதி ஆயுள்கூட இல்லை.

சந்தைத் தெருவில் வறுத்த மீன் கடை போட்டார். நல்ல மீன், நானே வாரம் ஒருமுறை வாங்குவேன். வரிசையில் எப்போதும் யாராவது ஒருவர், “ஆல்ஃபு, பொட்டலத்தக் கையில குடுப்பா. கீழ வெச்சா உருண்டு போயிரும்” என்பார். அவரும் சிரிப்பார். நகைச்சுவை உணர்வு உள்ள மனிதர். சனிக்கிழமை ஐந்து மணிக்கு மட்டும் கடையைக் கால் மணி நேரம் சாத்திவிடுவார்.

எழுபத்து நாலில் ஒருநாள் என் வேலை அறைக்கு வந்தார். மீன் வாசனை வராமலிருக்கக் கழுத்து வரை சோப்புப் போட்டுக் குளித்திருந்தார். நாங்கள் சின்ன வயதுப் பழக்கம். பதினெட்டு வயதில் இரண்டு பேரும் ஒரே நாளில் ரோவர்ஸ் தேர்வுக்குப் போனோம், கோல்கீப்பர் இடத்துக்கு. நான் மூன்று பந்து தடுத்தேன், அவர் இரண்டு. அவரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு அங்குலம் உயரமாம். கேட்டீர்களே என்பதற்காகச் சொல்கிறேன், அதை நான் மனதில் வைத்துக்கொண்டதே இல்லை.

“சிரில், உன்னத் தொந்தரவு பண்ண வரல” என்றார். “அதத் தூக்கிருன்னும் சொல்லல. பசங்க சிரிக்கட்டும். ஒரே ஒரு சனிக்கிழம விசிலோட போடு. அது போதும்ப்பா எனக்கு.”

“முழு ஃபிலிமும் எங்கப்பா இருக்கு? அழிச்சிட்டாங்க” என்றேன்.

“தேடிப் பாரேன். எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல பேரையே மாத்திச் சொல்லுதாம்.”

“பாக்கறேன் ஆல்ஃப்.”

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்த இழுப்பறையில், தொண்டை மாத்திரை டப்பாவில், அந்த ஐம்பது ஃபிரேமும் ஒலி நாடாவும் இருந்தன. அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். கோப்பையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்து குடித்தார். பாவமாகத்தான் இருந்தது.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். விசிலோடு போட்டால் அதில் என்ன இருக்கிறது? ஒரு மனிதர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். அதை யார் பார்ப்பார்கள்? மூன்று தயாரிப்பாளர்கள் வந்து அதை எடுத்துவிடச் சொன்னார்கள், கலர் வந்தபோது ஒருமுறை, பிறகு இரண்டு முறை. மூன்று பேரோடும் நான்தான் மல்லுக்கு நின்றேன். நிகழ்ச்சிக்காக.

தொண்ணூற்று மூன்றில் ஆயிரமாவது நிகழ்ச்சி வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு ஆல்ஃபின் மனைவி எட்னா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“சிரில், அவருக்கு நுரையீரல் பூரா பரவிருச்சாம். கோடை தாண்டாதுன்றாங்க. அந்த ஃபிலிம் கெடைச்சுதான்னு கேக்கச் சொன்னாரு. நானே கேக்கற மாதிரி கேக்கணுமாம், பாவி மனுசன், அவரு கேட்டதாச் சொல்லக் கூடாதாம்.”

“கெடைச்சிருச்சு எட்னா. கூட்டிட்டு வா” என்றேன்.

அவள் அழுதாள். 

ஆல்ஃப் புது கோட்டு போட்டு வந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து காணாமல் போயிருந்தது. இருநூறு பேர் முன்னால் அவரை உட்கார வைத்தோம். தொகுப்பாளர், “இருபத்தஞ்சு வருசத்துக்கு அப்புறம் முழுப் படமும் கெடைச்சிருக்கு ஆல்ஃப், உங்களுக்காக” என்று அறிவித்தார். தொகுப்பாளருக்கு ஒன்றும் தெரியாது, நான் எழுதிக் கொடுத்ததைப் படித்தார்.

நான் அனுப்பியது அதே நூற்றுப்பன்னிரண்டு ஃபிரேம்தான். ஆனால் மெதுவாக. நாலரை விநாடியை நாற்பது விநாடியாக இழுத்திருந்தேன். டிராம்போனையும் புதிதாக, நீளமாக ஊத வைத்திருந்தேன். மூன்று நாள் வேலை. ஆல்ஃப் திரையைப் பார்க்கவில்லை. விசில் எப்போது வரும் என்று ஒரு காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பந்து உள்ளே போனது. அவர் சேற்றில் உட்கார்ந்தார். டிராம்போன் இறங்கிக்கொண்டே இருந்தது. அரங்கில் சிலர் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தார்கள். ஆல்ஃப் இன்னும் காதைச் சாய்த்தபடியே இருந்தார். பிறகு தொகுப்பாளர் பக்கம் திரும்பி, “நல்லா எடுத்திருக்கீங்க” என்றார்.

பதினோரு வாரத்தில் போய்விட்டார். செய்தியில் இரங்கலாக அந்த நாலரை விநாடியைத்தான் போட்டார்கள். அடக்கத்துக்கு நிகழ்ச்சி சார்பில் வெள்ளைச் சாமந்தியில் பந்து வடிவில் மாலை அனுப்பினேன். அதைப் புல்லில் வைத்திருந்தார்கள். எட்னா குனிந்து அதை எடுத்தாள். ஜெபம் முடியும்வரை கையிலேயே வைத்திருந்தாள், என்னைப் பார்த்தபடி. 

மேசையில் இருக்கும் டப்பா என்னவென்று வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதேதான். ஐம்பது ஃபிரேமும் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் புத்தகத்தில் போடுங்கள். வெட்டியது நான், ஒளித்தது நான், ஆயிரமாவது நாளில் அந்த மனிதரை வரவழைத்து உட்கார வைத்ததும் நான். ஒருவர் வாழ்க்கையை எடுத்து நிகழ்ச்சிக்குக் கொடுத்தேன் என்று எழுதினாலும் மறுக்க மாட்டேன்.

பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு நல்ல வேலை இருந்தது, வீடு இருக்கிறது, தோட்டத்தில் ரோஜா இருக்கிறது. ஆல்ஃப் மீது எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கோல்கீப்பராக அவரிடம் ஒரே ஒரு குறைதான் எனக்குத் தெரிந்தது, அதையும் தொழில்முறையில் சொல்கிறேன்.

நானாக இருந்தால், விசில் ஊதினாலும் பந்தைக் கீழே வைத்திருக்க மாட்டேன்.