குளிர் புகாத வீடு

இந்த ஊரில் குளிர் வாசலால் வருவதில்லை. கதவின் அடியால் வரும், யன்னல் சட்டத்தின் ஓரத்தால் வரும், வீடு கட்டும்போதே மேல்சுவரில் விட்ட காற்றுத் துவாரங்களால் வரும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாகப் பிடித்துக்கொண்டு நடந்தால், புகை சாயும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம்.

நான் டண்டினொங்கில் ஒரு குளிர்களஞ்சியத்தில் நீண்டகாலம் வேலை செய்தவன். முதுகு பிடித்து, நோபல் பார்க் பகுதியில் எங்கள் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, எங்கே காற்று நுழைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போவேன். "என்னப்பா, இருந்து சாப்பிடுங்கோவன்" என்பாள் மனைவி ரஞ்சினி. இருந்துவிட்டு மறுபடி எழும்புவேன்.

மயூரா எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய அறை அது. தனி வாசல், ஒரு பழைய காஸ் ஹீட்டர், எங்கள் பக்கத்துக்கு ஓர் இடைக்கதவு. முதியோர் இல்லத்தில் வேலை. நல்ல பிள்ளை. களைத்து வந்தாலும் ரஞ்சினியின் முழங்காலுக்கு எண்ணெய் பூசி உருவிவிட்டுத்தான் தன் அறைக்குப் போவாள். அவளில் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. பழக்கம் ஒன்றுதான் சரியில்லை. ஹீட்டரை எரியவிட்டு யன்னலையும் திறந்து வைப்பாள். காஸ் பில் ஏறியது ஒருபுறம் இருக்கட்டும். நான் உண்டாக்கி வைத்த சூடு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பது, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரிந்தது. ஒருநாள் அவளிடமே கேட்டேன்.

"பூட்டினா நித்திரை வராது, அங்கிள். படகின்ர அடித்தட்டிலதான் எங்களை வச்சுக் கொண்டுவந்தவங்கள். கொஞ்சமாவது திறந்திருக்க வேணும்."

சரி பிள்ளை என்றேன். அவள் வேலைக்குப் போன பிறகு யன்னல் சட்டத்தில் திருகாணிகளை இறுக்கினேன். மேல் துவாரங்களுக்குத் தகடு வைத்துச் சுற்றிவர சிலிக்கன் பூசி, சுவரின் நிறத்திலேயே பெயின்ற் அடித்தேன். சட்டம் உக்கிவிட்டது, வெயில் காலத்தில் மாற்றித் தருகிறேன், அதுவரை திறக்கக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். அவள் யன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையாட்டினாள். வேறு இடம் தேட அவளுக்கு யாருமில்லை.

சில நாட்களில் தலையிடி என்றாள். பிறகு சத்தி எடுக்கத் தொடங்கினாள். "வேலைக்குப் போனா சுகமாயிருக்கு, அங்கிள். இஞ்ச வந்தாத்தான் தலை இடிக்குது." களைப்பு என்று சொல்லிப் பனடோல் கொடுத்தேன். டொக்டரிடம் காட்டுவோம் என்று ரஞ்சினி சொன்னபோது, அடுத்த கிழமை பார்ப்போம் என்றது நான்தான்.

ஹீட்டர் திருத்தும் கபிலன் உங்களிடம் சொன்னது உண்மை. நான் துவாரங்களை அடைப்பதற்கு முன்னரே அவன் வந்து ஹீட்டரைப் பார்த்தான். வீட்டின் முன்பக்கத்தில் நான் அடைத்திருந்த துவாரங்களைக் கண்டுவிட்டு என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போனான்.

"அண்ணை, இதை மட்டும் அடைச்சுப் போடாதேங்கோ. காத்துக் காணாட்டி நச்சு வாயு உள்ளுக்கே நிக்கும். மணமில்லை. நித்திரையிலயே ஆள் முடிஞ்சிடும்."

ஓம் தம்பி என்றேன். அந்த வாயு சேர்ந்தால் கத்துகிற ஒரு சிறிய அலாரத்தையும் அவன்தான் மயூராவின் அறையில் பூட்டிவிட்டுப் போனான்.

ஒரு பின்னேரம் அது கத்தியது. நான் போய் வெளிக்கதவைத் திறந்து வைத்தேன். கத்தல் நின்றது. சாமான் பழுது என்று அவளிடம் சொல்லிவிட்டு அலாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அதில் பழுது ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் படுக்கையறைச் சுவரில் பூட்டினேன். இடைக்கதவைச் சுற்றி ரப்பர் நாடா ஒட்டினேன். ரஞ்சினிக்கு மூச்சு இழைப்பு இருக்கிறது, அவளை நான்தானே பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் அலாரம் ஒருநாளும் கத்தவில்லை.

ஒரு தகட்டையாவது கழற்றியிருக்கலாமே என்று கேட்டீர்கள். திருப்புளியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறியும் இருக்கிறேன். கை போகவில்லை. கழற்றினால் காற்று வரும், நான் மறுபடி அறை அறையாக நடக்க வேண்டும். அந்தக் கிழமைதான் நான் கதிரையில் இருந்து ஒரு கோப்பைச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டு முடித்தேன். ரஞ்சினி அதைக் கண்டு சந்தோஷப்பட்டாள்.

ஞாயிறு காலை புல்லெல்லாம் வெண்பனி பிடித்திருந்தது. மயூரா வெளியே வரவில்லை. ரஞ்சினி இடைக்கதவைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள் ஒருக்காத் திறந்து பாருங்கோ" என்றாள். நான் முதலில் அவளைத் தெருவுக்கு அனுப்பினேன். பிறகுதான் கதவைத் திறந்தேன். ஏன் அனுப்பினேன் என்று அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்பாள்.

ஓம், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அடைத்தது நான். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் அடைத்தேன். யன்னலடியில் கிடந்ததாக நீங்கள் காட்டிய கரண்டி, திருகாணியில் கொடுத்து நெம்பியதுபோல் காம்பு வளைந்த அந்தக் கரண்டி, அதைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை நித்திரையில்தான் போயிருக்கிறாள். அறை எவ்வளவு இதமாக இருந்தது என்று நீங்கள் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். கடைசிவரை அவளுக்குக் குளிரவில்லை.