லோகு ஊடு

— ...இதப் பாருங்க்கா, இன்னொண்ணு. "பாஸ்வேர்டு கேட்டா கடிப்பேன்." ஊட்டு வைஃபைக்கு இப்படியா பேரு வெப்பாங்க?

— சிரிக்காத மிஸ்பா. அந்தப் பேரையெல்லாம் நாம பாக்கவே கூடாது. எத்தன ஃபோன்னு எண்ணிக்கை மட்டும் எடுத்துட்டு மீதிய அழிச்சிரணும். அதான பேச்சு.

— அழிக்கத்தானுங்க்கா போறேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் சிரிச்சுக்கறேன். காலைல இருந்து மேட்டுப்பாளையம் பஸ்ஸுக் கணக்கையே பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு.

— பாவம், அவங்களுக்கு எங்க தெரியும்... பஸ்ஸுல போறப்பவும் ஃபோனு ஊட்டு வைஃபைய பேர் சொல்லித் தேடிட்டே போகும்னு.

— தெரிஞ்சுக்க நேரம் ஏது? ஏறி உக்காந்ததும் குனிஞ்ச தலை நிமிர்றதில்ல. ஒருத்தரு சத்தமாச் சீரியல் பாக்கறாரு, ஒரு பொண்ணு முழு வழியும் வீடியோ கால்ல கொழம்பு தாளிக்கச் சொல்லித் தருது. டிரைவரு தலைக்கு மேல நம்ம பொட்டி இருக்குது, எந்த ஃபோனு எங்க ஏறுது எங்க எறங்குதுன்னு எண்ணிட்டிருக்குது. அண்ணாந்து பாத்தவங்க ஒருத்தரும் இல்ல.

— பஸ்ஸு ஓனருக்கு எந்த ட்ரிப்புல எத்தன பேரு வர்றாங்கன்னு தெரியணும். அவ்வளவுதான். டீ ஆறுது, குடி.

— குடிக்கறேன். புது ஃபோனெல்லாம் வெவரமுங்க்கா. மாறுவேசத்துல போகுது, நம்பர மாத்தி மாத்திச் சொல்லி நம்மள ஏமாத்துது. இந்தப் பழைய ஃபோனுங்கதான் வெள்ளந்தி... வாய் ஓயாம ஊட்டுப் பேரக் கூப்பிட்டுட்டே போகுது. "கமலா மாடி போர்சன்." "சின்ராசு கடை." அப்புறம் இது...

— எது?

— "லோகு ஊடு."

— கோயமுத்தூர்ல லோகு இல்லாத தெரு எது? லோகநாதன், லோகேசு, லோகாம்பாள்... அழிச்சுப்போடு.

— இங்கிலீசு எழுத்துல "ஊடு"ன்னே எழுதியிருக்குதுங்க்கா. வீடுன்னுகூட இல்ல.

— இருந்துட்டுப் போகட்டும்.

— நீங்க லோகப்பிரியா. உங்க ஊரு காரமடைக்கு அந்தப் பக்கம். இந்த ஃபோனு ஏறறதும் காரமடைல...

— மிஸ்பா, வேலையப் பாரு.

— வேலையத்தானுங்க்கா கேக்கறேன். சாயங்காலம் இத்தன மாசத்துக்கும் சேத்து ரிப்போர்ட்டு போகுது. போயிருச்சுன்னா இதெல்லாம் மொத்தமா அழிஞ்சிரும். அதுக்குள்ள இந்த ஒண்ண ஆள் கணக்குல சேக்கறதா, தள்றதான்னு நீங்கதான் சொல்லணும். காரமடைல ஏறுது, காந்திபுரம் வருது, எறங்கறதே இல்ல. அதே பஸ்ஸுல திரும்பிப் போயிருது.

— எறங்காத ஃபோனு டிரைவரு, கண்டக்டரோடதுன்னு முன்னாடியே பேசி வெச்சிருக்கோமில்ல. தள்ளு.

— கண்டக்டரு ராமுலு அண்ணன் ஃபோனு எனக்குத் தெரியும். டிரைவரு வெச்சிருக்கறது பட்டன் ஃபோனு. கணக்கு சரியான்னு பாக்க நாந்தான தினமும் அந்த பஸ்ஸுல வர்றேன்? இதுக்கு நேரா "ஊழியர்"னு குறிச்சு வெச்சிருக்கறது நீங்க.

— ஆமா, குறிச்சேன். அதுக்கென்ன இப்ப?

— தெரிஞ்சேதான் குறிச்சீங்களா?

— ...கதவச் சாத்து.

— சாத்திட்டேன்.

— அந்தப் பேர வெச்சது நாந்தான் புள்ள. காலேஜ் முடிச்சப்ப ஊட்டுக்கு வைஃபை போட்டோம். மாட்ட வந்த பையன் என்ன பேருங்கன்னு கேட்டான். நான் தோட்டத்துப் பேரச் சொன்னேன். எங்கப்பாதான், "உம் பேரயே வெச்சுரு கண்ணு, நீ இருந்தாத்தான இது ஊடு"ன்னாரு.

— அப்ப அந்த ஃபோனு உங்கப்பாவோடதுங்களா?

— என்னோடது. சாய்குமாரோட கெளம்பி வந்த அன்னைக்கு மேச மேல வெச்சுட்டு வந்தேன். அவரு எடுத்து வெச்சிருக்காரு. போனு பேசறதும் போட்டோ பாக்கறதும் தவிர அதுல அவருக்கு ஒண்ணும் தெரியாது. மேல வளைவு வளைவா வைஃபை குறி இருக்குதே, அதத் தொட்டுப்போடாதீங்கப்பா, அப்புறம் ஒண்ணும் வராதுன்னு எப்பவோ சொல்லி வெச்சிருந்தேன். இன்னைக்கு வரைக்கும் தொடல பாரு.

— கல்யாணத்துக்கு அப்புறம் பேசவே இல்லீங்களா?

— எப்படிப் பேசறது? தெலுங்கு பேசற ஊட்டுக்கு எம் புள்ளய அனுப்பமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நானும் அவருக்குப் பொறந்தவதான. ரிஜிஸ்டர் ஆபீசுல இருந்து வெளிய வந்ததும் அவரு நம்பரு, அம்மா நம்பரு, சித்தப்பா நம்பரு, எல்லாத்தையும் பிளாக் பண்ணிப்போட்டேன். காப்பி குடிச்சு முடிக்கற நேரங்கூட ஆகல. சொந்தத்த அறுக்கறது அத்தன லேசுன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

— அப்புறம்?

— அப்புறம் என்ன... துடியலூர்ல ஊடு, தினமும் அங்கதான் பஸ்ஸு ஏறுவேன். ஒருநா டிரைவருக்கு முன்னாடி இருக்கற பெரிய கண்ணாடில பாத்தேன். கடைசி சீட்டு. வெள்ள வேட்டி, தோள்ல பச்சைத் துண்டு. நான் பாக்கறேன்னு தெரிஞ்சதும் குனிஞ்சுக்கிட்டாரு. மறுநாளும் இருந்தாரு. அதுக்கு மறுநாளும். பக்கத்துல வரல, ஒரு வார்த்த பேசல. காந்திபுரத்துல நான் எறங்கறப்ப, அவரு எறங்கல.

— உங்களப் பாக்கத்தான் வந்திருக்காரு...

— இப்ப நீ ஈசியாச் சொல்ற. அப்ப எனக்கு அப்படித் தோணல புள்ள. நான் எங்க எறங்கறேன், எந்த ஆபீசு, எந்தத் தெருன்னு பாத்து வெச்சுட்டு ஆளுங்களோட வரப்போறாருன்னு நெனச்சேன். சாய்க்கு எதாச்சும் ஆயிருமோன்னு பயம். பேப்பர்ல டிவில தெனமும் பாக்கறமில்ல. பெத்தவரப் பத்தி அப்படி நெனைக்க எனக்கு மனசு வந்துச்சே. அதுக்குத்தான் ஸ்கூட்டி வாங்குனேன்.

— பஸ்ஸு லேட்டாகுதுன்னு எங்கிட்டச் சொன்னீங்க...

— பொய்யி. சாய்கிட்டயும் அதே பொய்தான்.

— நீங்க பஸ்ஸ உட்ட அந்த வாரம் இந்த ஃபோனு என்ன பண்ணுச்சுன்னு பாத்தீங்களாக்கா?

— பாத்தேன்.

— ஒரே காலைல மூணு பஸ்ஸுல இருந்துச்சு. துடியலூர்ல எறங்குது, பின்னாடி வர்ற பஸ்ஸுல ஏறுது, மறுக்கா எறங்குது... பொட்டிதான் கெட்டுப்போச்சுன்னு நான் பொட்டியவே மாத்துனேன்.

— பொட்டி கெடல. எந்த பஸ்ஸுல நான் இருக்கேன்னு ஒவ்வொண்ணா ஏறிப் பாத்திருக்காரு. அவரு வாயத் தொறக்கல, ஃபோனு எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டே சுத்தியிருக்குது. அத்தனையும் இந்த மேசைல உக்காந்து பாத்துட்டு, "ஊழியர்"னு அடிச்சேன். ஆள் கணக்குலயே சேக்க வேண்டாம்னு... எங்கப்பன.

— அழாதீங்க்கா. யாராச்சும் வந்துரப் போறாங்க.

— வரட்டும்.

— அப்பவே ஒரு ஃபோனு போட்டிருக்கலாமில்லீங்களா?

— போடலாம்னுதான் எடுப்பேன். பிளாக்க எடுத்து உடற எடம் வரைக்கும் போவேன். அதுக்கு மேல வெரல் போகாது. அவரே மொதல்ல கூப்பிடட்டும்னு ஒரு ரோசம். பிளாக் பண்ணி வெச்சுட்டு, அவரே கூப்பிடட்டும்னு உக்காந்திருந்தா அவரு எப்படிக் கூப்பிடுவாரு? அந்த அறிவு எனக்கு இல்லாமப் போச்சு பாரு.

— சரி, போனது போகட்டும். இப்பக் கூப்பிடுங்க. நான் வெளிய நிக்கறேன்.

— இப்ப முடியாது.

— ஏனுங்க்கா?

— ஃபோனு நின்னுபோச்சு. ரெண்டு வாரமாச்சு. எந்த பஸ்ஸுலயும் இல்ல. காலைல வந்து பேக்க வெச்சதும் மொதல்ல அதத்தான் தேடறேன். நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஏற்கெனவே ஒரு தடவ நெஞ்சு வலி வந்த ஒடம்பு மிஸ்பா. எதாச்சும் ஆயிருந்தா எனக்கு யாரு சொல்லுவாங்க? சொல்றவங்க நம்பரெல்லாம் நாந்தான அடைச்சு வெச்சிருக்கேன்.

— அப்படியெல்லாம் நெனைக்காதீங்க.

— வேற எப்படி நெனைக்கறது? தெறந்து உட்டுக் கூப்பிட்டேன்னு வெய்யி, அம்மா எடுக்கும். எடுத்து ஒண்ணும் பேசாம அழுதுச்சுன்னா? கூப்பிடாத வரைக்கும் அவரு எங்கயோ நல்லாத்தான் இருக்காரு. கூப்பிட்டா அதுவும் போயிரும்.

— அக்கா...

— அந்த வரிய அழிச்சுப்போடாத. ஊழியரு இல்ல. ஆளுன்னு எண்ணு. ஒரு ஆளு.

— அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

— என்ன?

— இன்னைக்கு இந்தப் பேர நான் எடுத்ததே அதச் சொல்லத்தான். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாமத்தான் கடிக்கறது, மாடி போர்சன்னு என்னென்னமோ பேசிட்டிருந்தேன்.

— சுத்தி வளைக்காம சொல்லு.

— ரெண்டு வாரம் முன்னாடி பஸ்ஸுல நல்ல கூட்டம். கடைசி சீட்டுப் பக்கத்துல நின்னு தலைய எண்ணிட்டிருந்தேன். பச்சைத் துண்டு போட்ட ஐயா ஒருத்தரு என் கழுத்துல தொங்கற கார்டையே பாத்துட்டிருந்தாரு. அப்புறம் மெல்லமா, "ஏனுங் அம்மணி, எம் புள்ளையும் இதே நீல நாடாதான் போட்டுட்டுப் போவா. லோகப்பிரியான்னு... உங்களுக்குத் தெரியுங்களா? நேரத்துக்குச் சாப்புடறாளா?"ன்னாரு.

— ...இத ஏன் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லல?

— சொல்லிப்போடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாருங்க்கா. நாஞ் சும்மா இருந்திருக்கலாம். பெரிய இவளாட்டம், நீங்க ஒளிஞ்சு வந்தாலும் உங்க ஃபோனு காட்டிக்கொடுத்துருங்கய்யா, வைஃபை பேரு ஆபீசுல வந்து நிக்குங்கய்யான்னு அத்தனையும் சொல்லிப்போட்டேன்.

— அதுக்கு அவரு?

— மொகம் செத்துப்போச்சு. ஃபோன எடுத்து எங் கையில குடுத்து, இத நிறுத்திக் குடுங்க அம்மணின்னாரு. நாந்தான் அந்த வைஃபைய அணைச்சுக் குடுத்தேன்.

— அப்ப... அப்ப எங்கப்பா...

— இன்னைக்குக் காலைலயும் வந்தாருங்க்கா. துடியலூர் சிக்னல்ல நீங்க ஸ்கூட்டில பஸ்ஸுக்கு இடது பக்கமா வந்து நிப்பீங்கல்ல, அந்த ஜன்னலோரந்தான் உக்கார்றாரு. எறங்கிப் போயி ஒரு வார்த்த பேசிருங்களேன்னு சொன்னேன். "என்னப் பாத்துப் பயந்துதான் பஸ்ஸ உட்டா. நான் இன்னும் வாரேன்னு தெரிஞ்சா அந்த வேலையையும் உட்டுருவா. சிக்னல்ல செவப்பு உழுந்தாப் போதுங் அம்மணி எனக்கு"ன்னாரு.