மாப்பிள்ளை வருகிற வீடு

முதலில் தேநீரைக் குடியுங்கள் மிஸ், ஆறிப்போகிறது. தாதிச் சீருடையில்லாமல், ஸ்கூட்டியைச் சந்தியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறீர்கள். அந்தப் பக்குவம் எல்லாருக்கும் வராது. என் மூத்தவள் ஹப்ஸா எப்படி மௌத்தானாள், எந்த வருத்தத்தில் உயிர் போனது என்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள், தெரியும். ஒழுங்காகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருந்துவிடுவார், வீடும் பெண்ணுக்குத்தான். ஆகவே குசினி, குளியலறை, அலுமாரி என்று ஒன்று விடமாட்டார்கள். என் இளைய மகள் சிபானாவைக் கேட்டு வந்த றிபாஸின் தாய், குளிர்சாதனப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் திறந்திருப்பேன்.

மூத்தவளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. கேதீஸ்வரி மிஸ், கேதீஸ்வரி மிஸ் என்று ஹப்ஸாவுக்கு எந்த நேரமும் உங்கள் கதைதான். கட்டாரிலிருந்து வந்த புருஷன் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது எச்.ஐ.வி. அவர் மௌத்தானபோது நெஞ்சுவருத்தம் என்றோம், ஊரும் நம்பியது. ஹப்ஸா உங்கள் கிளினிக்குக்கு வந்து, தினம் ஒரு குளிசை போட்டு, இரண்டு வருடத்தில் தேறிவிட்டாள். கன்னம்கூட வைத்துவிட்டது. "இத விடாமப் போட்டா நான் கிழவியாகித்தான் மௌத்தாகுவனாம் உம்மா" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்கும் சந்தோஷம்தான். பெற்ற வயிறல்லவா?

நான் ஒன்றும் படிக்காதவள் அல்ல. றாஹிலா டீச்சர் என்றால் ஊருக்கே தெரியும், இருபத்தெட்டு வருடம் சுகாதாரப் பாடம் படிப்பித்தவள். தொட்டால் வராது, ஒரே கோப்பையில் குடித்தாலும் வராது, எல்லாம் தெரியும். புத்தகத்தில் அந்தப் பாடம் வரும்போது அந்தத் தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்கச் சொல்வேன், அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் இருக்கிற வகுப்பு. எனக்கு வெறுப்பு என்று ஒன்றும் கிடையாது மிஸ். வெறுப்பெல்லாம் ஊருக்கு. ஊரோடுதானே நாங்கள் காலம் தள்ள வேண்டும்?

அன்று றிபாஸின் தாய் ஹப்ஸாவின் அறைக்குள்ளும் போனார். மேசையில் அந்தப் போத்தல். உள்ளே எடுத்து வை என்று தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியிருக்கிறேன், கேட்டால்தானே. அவர் அதைக் கையில் எடுத்து என்ன குளிசை என்று கேட்டார். விற்றமின் என்றேன். தனக்கும் கால் உளைவாம், தம்பியின் பாமசியில் இது இருக்கிறதா என்று கேட்க வேண்டுமாம். அல்ஹம்துலில்லாஹ், மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அடுத்த முறை வரும்போது வாசித்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பொய் பிடிக்காது. விற்றமின் என்று வாயால் சொல்லியாகிவிட்டது, இனி அது விற்றமினாக இருப்பதுதான் முறை. நானே பாமசிக்குப் போய் அதே அளவில், அதே வெள்ளையில் தேடி வாங்கினேன். போத்தலின் பெயர்த்தாளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். பழைய குளிசைகளை மலசலகூடத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். தாள் நனைந்து கிழிந்துவிட்டது என்று சொன்னதும் ஹப்ஸா வேறு கேள்வி கேட்கவில்லை. தாயிடம் என்ன கேட்பாள்?

கிளினிக் வாசலில் யாராவது கண்டால் தங்கையின் கல்யாணம் நின்றுபோகும், நான் போய் எடுத்து வருகிறேன் என்று அவளை வீட்டில் இருத்தினேன். இரண்டு முறை உங்கள் கையால்தான் தந்தீர்கள். இரண்டு முறையும் அதே இடத்தில் தண்ணீர் ஊற்றினேன். பிறகு அவள் கொழும்புக்குப் போய்விட்டாள் என்று உங்களிடம் சொன்னேன். அந்த ஒரு பொய்க்கு இன்றைக்கும் மனம் சங்கடப்படுகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஹப்ஸா ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. இருமல் வந்தபோதும் பிஸ்மி சொல்லித்தான் போட்டாள். உடம்பு இளைக்க இளைக்க, குளிசை போட்டும் ஏன் உம்மா இப்படி என்று கேட்பாள். சில உடம்பு அப்படித்தான் என்று கஞ்சி கொடுப்பேன். பக்கத்து டொக்டரிடம் சளி என்று சொல்லி மருந்தும் எடுத்துக் கொடுத்தேன். செலவு பார்க்கவில்லை. மகள் வதங்குவதைப் பார்த்து நான் அழாத நாளில்லை மிஸ், அது சத்தியம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறீர்கள்.

"அப்ப டீச்சர், விற்றமின் போத்தலுக்குள்ள அவட குளிசையவே போட்டு வெச்சிருக்கலாம்தானே?"

ஓம், போட்டிருக்கலாம். எனக்கும் அது முதல் நாளே தோன்றியது. போத்தலை மாற்றினால் குளிசை மறையும், ஹப்ஸாவின் வாயை எதால் மூடுவது? மாப்பிள்ளை வீட்டார் போன அன்று மாலையே என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். "நம்மட வீட்டுல வந்து இரிக்கப் போற மனிசன் உம்மா. நிக்காஹ்வுக்கு முந்தி நானே அவருட்டச் சொல்லிருவன். ஒளிச்சு வெக்க, இது நான் களவெடுத்ததா?"

அவர்கள் அடுத்த மாதமே நிக்காஹ் வைக்கலாம் என்று நின்றார்கள். மேல்மாடி வேலை இருக்கிறது, ஒரு வருடம் தாருங்கள் என்று நான்தான் கேட்டேன். குளிசையை விட்டால் ஒருவர் எவ்வளவு காலம் தாங்குவார் என்று உங்களிடமும் ஒருமுறை கேட்டேன். ஆளுக்கு ஆள் வித்தியாசம் என்றீர்கள். ஹப்ஸா பதினொரு மாதம் தாங்கினாள். நிக்காஹ்வுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. றிபாஸுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. தங்கமான பிள்ளை, இப்போது மேல்மாடியில்தான் இருக்கிறார், சத்தத்தைக் குறைத்துக் கதையுங்கள்.

ஆனால் ஜனாஸாவுக்கு வந்த சனத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் மூன்று வேனில் வந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அடக்கத்துக்கு முன் உடலைக் குளிப்பாட்டும்போது றிபாஸின் தாய் வெறுங்கையால் அவள் தலைமுடியைக் கோதிக் கழுவினார். உண்மை தெரிந்திருந்தால் வாசலை மிதித்திருப்பார்களா? அந்த மரியாதையை நான்தான் அவளுக்குத் தேடிக் கொடுத்தேன், அதில் எனக்கு ஆறுதல். பெற்றவள் வந்து ஒரு கோப்பைத் தண்ணீராவது ஊற்றட்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அன்று எனக்கு விரலில் ஒரு சின்னக் காயம் இருந்தது மிஸ்.