வாய் தவறிய சொல்

பின்னறை ஜன்னலை லேசாகத் தூக்கித்தான் சாத்த வேண்டும், ஐயா. நேராகத் தள்ளினால் கொக்கி விழாது. வீடு வாங்க வந்தவர்களிடம் இதை நான் சொல்லவில்லை. என் பக்கம் தவறு என்று தேடினால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

வாங்கியவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேன்காரர் என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அவர் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. விற்றே தீர வேண்டும் என்று நின்றவள் என் மனைவி. படுக்கையறை மாடியில், அவளுக்கு முட்டிவலி. மகள் வீட்டோடு போய்விடலாம் என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. பத்திரம் பதிந்தது. மாதக் கடைசியில் சாவி தருவதாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவள் ஒரு பெட்டியைக் கட்டி வைத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நான் அதைப் பிரிப்பேன். ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போவேன்; எதற்கு வந்தேன் என்று தெரியாமல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

“வீட்டை எழுதிக் குடுத்தாச்சு. உங்களை யார் பேருக்கு எழுதறதுன்னுதான் தெரியல,” என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாதக் கடைசியில் வேன்காரர் அளவு நாடாவோடு வந்தார். சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“இதை எடுத்துட்டா நல்லா காத்து வரும், இல்ல சார்?”

அந்தச் சுவர் நான் என் கையால் எழுப்பியது. போகிற போக்கில் பின்னறை ஜன்னலைச் சாத்தினார். கொக்கி விழவில்லை. மறுபடி லேசாகத் தூக்கினார்; விழுந்துவிட்டது. அந்தச் சூட்சுமம் எனக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

“எப்ப சார் காலி பண்றீங்க?”

“அவளுக்கு உடம்பு முடியல,” என்றேன்.

வாய் தவறி வந்த சொல். அவள் பின்பக்கம் ஏதோ முனகிப் பாடிக்கொண்டு பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அடடா. அப்ப மெதுவாவே பண்ணுங்க சார். நாளைக்கு வீட்ல கூட்டிட்டு வந்து அம்மாவைப் பாக்கறேன்.”

நல்ல மனிதர். அதுதான் சிக்கலாகிவிட்டது. மறுநாள் வந்து அவள் நடமாடுவதைப் பார்த்தால் என்னைப் பொய்யன் என்று நினைப்பார். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. எனக்குத் தூக்கம் வராததற்கு டாக்டர் கொடுத்த மாத்திரை அலமாரியில் இருந்தது. அவள் தினமும் குடிக்கிற பாலில் பொடித்துக் கலந்தேன். மறுநாள் அவர்கள் வந்தபோது அவளுக்கு உண்மையாகவே உடம்பு முடியவில்லை. எனக்கு மனம் லேசாயிற்று.

வேன்காரர் மனைவி அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, “கால் ஜில்லுன்னு இருக்கும்மா,” என்று தன் சால்வையால் போர்த்திவிட்டாள். அவர்கள் தாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை அதற்குள் ஒப்படைத்துவிட்டார்கள். கட்டில், பீரோ எல்லாம் வேனிலேயே கிடந்தன. அந்தப் பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருப்பதை மாடியிலிருந்து பார்ப்பேன். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. திரையை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

மகள் போன் செய்வாள்.

“அப்பா, அம்மாகிட்ட குடுங்க.”

“தூங்கறாம்மா.”

“எப்பப் பார்த்தாலும் தூக்கமா? நான் வேணா கெளம்பி வரட்டுமா?”

“அலைஞ்சு ஓய்ஞ்சிருக்கா. தூங்கட்டும்.”

அதிலும் பொய் இல்லை. தூங்கத்தான் தூங்கினாள். அவள் கட்டி வைத்த பெட்டிகளை நான் ஒவ்வொன்றாகப் பிரித்து, சாமான்களைப் பழைய இடத்தில் அடுக்கினேன். வீடு மெல்ல மெல்லத் தன் முகத்துக்குத் திரும்பியது. ஆனாலும் நிம்மதி வரவில்லை. வாசலில் வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்பேன்.

ஒரு நாள் காலை வேன்காரர் தன் சிநேகிதர்களைக் கூட்டி வந்தார். “நாளைக்கு அம்மாவை நாற்காலியோட தூக்கிட்டுப் போய் மக வீட்ல நாங்களே விட்டுடறோம். நீங்க கவலையே படாதீங்க சார்,” என்றார். குரலில் கோபமே இல்லை.

பேச்சுச் சத்தத்தில் அவள் விழித்துவிட்டாள். அவர்கள் போன பிறகு என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் அவள் ஏதோ கணக்குப் போட்டு முடித்திருந்தாள்.

“ஏங்க, இனிமே பால் வேணாம்,” என்றாள். பிறகு, “நாளைக்கு நான் போறேன். நீங்க இருக்கறதுன்னா இருங்க.”

போறேன் என்றாள், ஐயா. பக்கத்துக் கடைக்குப் போனால்கூட ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவள். இத்தனை காலத்தில் அந்த வார்த்தையை அவள் அப்படி மொட்டையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அது என்னை என்னவோ செய்தது. மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

பால் வேண்டாம் என்றதால் சூப் வைத்தேன். அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரை எல்லாவற்றையும் அதில் போட்டேன். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். தலையைப் பிடித்துக்கொண்டு நான்தான் ஊட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலம் இல்லை. கிண்ணம் காலியாகும் வரை பொறுமையாக இருந்தேன். அவள் சொன்ன சொல்லும் பொய்யாகவில்லை.

இன்று காலை உங்கள் ஆட்கள் என்னை அழைத்து வரும்போது வேன்காரர் வாசலில் நின்றார். அவர் மனைவி வேனுக்குள் அழுதுகொண்டிருந்தாள். சாவியை அவர் கையில் வைத்தேன். ஜன்னலைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், அவருக்குத்தான் தெரியுமே. அதனால் வழக்கம்போல, “போயிட்டு வரேன்,” என்றேன்.

அதுவும் வாய் தவறி வந்ததுதான். ஆனால் சொன்ன சொல்லை நான் பொய்யாக விடுகிறவன் இல்லை என்று நீங்கள் அவருக்கு ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லிவிடுங்கள், ஐயா. சுவரை அதுவரை இடிக்காமல் இருக்கட்டும்.