கணக்கெடுக்க வந்தவளுக்குச் சோறு

தாம்பரத்தில் மாடம்பாக்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் சிமெண்ட் படிந்த சேலையுடன் இரண்டு சித்தாள்கள். இளையவள் திடீரென்று, "சோறு போட்டு மாட்டிக்கினேன்க்கா" என்றாள்.

"யாருக்குடி போட்டே?"

"யார் வூட்ல சோத்துக்குக் கஷ்டம்னு ஆராய்ச்சி பண்ண காலேஜ்லர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சே, அதுக்குத்தான். மத்தியான வெயில்ல வந்துச்சு. வெறும் வயித்தோட அனுப்ப மனசு வர்ல. இருந்த ஒரு ஆழாக்கு அரிசிய வடிச்சுப் போட்டேன்."

"துன்னுச்சா?"

"மொதல்ல வாணாம்னுச்சு. நான் வுடல. அப்பால கொழம்பு கேட்டு ஊத்திக்கிச்சு."

"இதுல இன்னாடி பேஜாரு?"

"அது எழுதுற லிஸ்ட்ட வச்சுத்தான் நம்ம கட்டட வேல சங்கத்துல மாசாமாசம் அரிசி குடுக்கறாங்க. என் பேரு இல்ல. அந்தப் பொண்ணாண்ட போய்க் கேட்டா, 'வர்றவங்களுக்கே சமைச்சுப் போடறீங்களேக்கா'ங்குது."

மூத்தவள் சிரித்துவிட்டாள். பிறகு, "அன்னிக்கு நீ இன்னா துன்னே?" என்றாள்.

"அந்தப் பொண்ணும் அதத்தான் கேட்டுச்சு, நீங்க சாப்பிடலியான்னு."

"இன்னா சொன்னே?"

"தட்டுல கை வச்சிக்கினு கேக்குது. அப்பவே சாப்ட்டாச்சும்மான்னேன். அதையும் நோட்டுல எழுதிக்கிச்சு."